விடியும்வரை தண்ணீரைத் தாங்கியில் நிறுத்தக் கோரும் மூன்றாவது மனு

கிராமக் குடிநீர் வழங்கலுக்குப் பொறுப்பான மாவட்ட அதிகாரி அவர்களுக்கு,
திருகோணமலை.

விடயம்: கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள எமது கிராமத்தின் குடிநீர்

மதிப்பிற்குரிய ஐயா,

எமது நீர்த்தாங்கி வெடித்து ஒழுகுவது பற்றி மாசி மாதத்தில் ஒரு மனுவும், சித்திரைப் புதுவருடம் கழிந்த கையோடு இன்னொரு மனுவும் தங்களுக்கு அனுப்பியிருந்தோம். இரண்டுக்கும் பதில் கிடைக்காத நிலையில் இதனைப் பணிவுடன் எழுதுகிறோம். அத்தாங்கியின் அடியில் நின்று எம்முடன் பேசியவர் தாங்கள் என்பதால் இடத்தை விளக்கவேண்டிய தேவை இல்லை.

1. தாங்கி ஒழுகுவதால், பம்பி இறைக்கும் நீர் அதில் ஏறாமல் நேரே ஊர்க்குழாய்க்குத் திருப்பப்படுகிறது. பகலில் மின்னழுத்தம் போதாமையால் பம்பி நள்ளிரவுக்குப் பின்னரே ஓடுகிறது. ஆகவே தண்ணீரும் அந்நேரமே வருகிறது.

2. எம்மை எல்லாவற்றிலும் அதிகமாக வாட்டுவது இந்த நேரந்தான். ஒன்றரைக்கும் மூன்று மணிக்கும் இடையில், எப்போதென்று சொல்லமுடியாதபடி, ஏறத்தாழ நாற்பது நிமிடம் மட்டும் வருகிறது. முதலில் குழாய் காற்றைக் கக்கும். பின்னர் பத்து நிமிடம்வரை துருநிறத் தண்ணீர் வரும். அது தெளிந்த பிறகு கிடைப்பதைத்தான் குடத்தில் பிடிக்கிறோம். பெண்கள் முறை வைத்து விழித்திருந்து, சத்தம் கேட்டதும் ஒழுங்கை முழுவதும் கதவு தட்டி எழுப்புகிறார்கள். அவர்களிற் பலர் ஐந்து மணிக்கு வயல் வேலைக்குப் போகவேண்டியவர்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை வாளியோடு முற்றத்தில் நிற்கிறாள். தனியே வாழும் முதிய தாயொருவர் குடம் தூக்க இயலாமல் போத்தல் போத்தலாக நிரப்புவதற்குள் குழாய் நின்றுவிடுகிறது. வறண்ட கச்சான் காற்று தொடங்கிவிட்டதால் வீட்டுக் கிணறுகள் உவராகிவிட்டன. அந்தத் தண்ணீரில் பருப்புக்கூட அவிவதில்லை. கண் அயர்ந்துவிட்டால் மறுநாள் குடிக்க ஒரு சொட்டும் இல்லை.

3. இது நித்திரையைப் பற்றிய முறைப்பாடு மட்டுமன்று. பம்பி இறைக்கும் ஆற்றோரக் கிணற்று நீரில் இரும்பு கரைந்திருக்கிறது. காற்றுப் படவிட்டால் அது துருவாகத் திரளும், மணல் வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளும், அதன் பின்னரே குளோரின் சேர்ப்பது முறை. எமது வடிகட்டி மணல் கடந்த மாரிக்குப் பிறகு கழுவப்படவில்லை. எஞ்சிய இரும்பே குளோரினைத் தின்றுவிட்டால் கிருமியைக் கொல்ல என்ன மிஞ்சும்? குளோரின் கலந்த நீர் 30 நிமிடமாவது தரித்து நிற்கவேண்டும் என்பதும், கடைசி வீட்டுக் குழாயிலும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கவேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தாங்கியே இல்லாமல் தண்ணீர் எங்கே தரித்து நிற்கும்? எங்கள் கடைசி வீட்டில் யார் அதை அளந்தார்கள், எந்த நாளில் அளந்தார்கள்? போதாக்குறைக்கு, நாளின் மிகுதி நேரமெல்லாம் குழாய் வெறுமையாகக் கிடப்பதால், ஒழுகும் மூட்டுகள் வழியே வாய்க்கால் அழுக்கு உள்ளே போகிறது. சந்தியிலுள்ள மூட்டு மலசலகூடக் குழிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைத் தாங்களே பார்த்தீர்கள். பார்த்துவிட்டுப் போனீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் கைக்குழந்தைக்குக் கொதிக்கவைத்துக் கொடுக்கிறோம், ஐயா.

4. தாங்கியின் வெடிப்பை அடைத்துத் தாருங்கள். இரவில் இறைப்பது இரவிலேயே இறைக்கப்படட்டும். அதைத் தாங்கியில் நிறுத்தி, காலை ஐந்து மணிக்கு வால்வைத் திறந்துவிடுங்கள். குளோரினுக்கும் நேரம் கிடைக்கும், எங்களுக்கும் நித்திரை கிடைக்கும்.

5. மணலைக் கழுவவும் சந்தி மூட்டை மாற்றவும் ஊரவர்கள் உடலுழைப்புத் தரத் தயார். மாதக் கட்டணத்தை ஒரு மாதமும் தவறவிடாதவர்கள் நாங்கள். வேலை முடியும்வரை கிழமைக்கு இரண்டு தடவையாவது பகலில் தண்ணீர்ப் பவுசர் வண்டி அனுப்புங்கள்.

கோபத்தில் ஏதும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்தருளவும். இரண்டு மனுக்களுக்குப் பதில் வராத இடத்தில் இதற்குமேல் அடங்கி எழுதத் தெரியவில்லை. அந்தத் தாங்கியைத் திருத்தித் தாருங்கள், பகலில் தண்ணீர் விடுங்கள் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிராமத்துக் குடிநீர்ப் பாவனையாளர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)