112-ஆம் பக்கத்தில் யாரும் சாக வேண்டாம்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். பதினான்கு மாதம் கழித்து என் நாவலின் தட்டச்சுப் படி போன வாரம் தபாலில் திரும்பி வந்தது. நடுவில் நடந்த தொலைபேசிப் பேச்சுகள், மாற்றச் சொன்ன தலைப்பு, 'ஜனவரி புத்தகக் காட்சி முடியட்டும் பார்க்கலாம்' எல்லாம் உங்களுக்கே தெரியும். அதையெல்லாம் கிளறப் போவதில்லை. 112-ஆம் பக்கத்தின் ஓரத்தில் உங்களில் ஒருவர் பென்சிலால் எழுதிய ஒரு வரிதான் என்னை உட்கார விடாமல் செய்கிறது.

"இந்த இடத்தில் சரவணன் விபத்தில் இறந்தால் கதைக்குக் கனம் கூடும்."

இந்த மடலை மற்றவர்களும் படிக்கக்கூடும் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபம். பெண்ணின் அத்தை மகன் சரவணன் வாசலில் மொய் எழுத உட்கார்ந்திருக்கிறான். மாப்பிள்ளையின் நண்பன் எழில், திருநெல்வேலியிலிருந்து பஸ் பிடித்து வந்தவன், 501 ரூபாய் வைக்கிறான். பேர் கேட்கிறான் சரவணன். ஊர் கேட்கிறான். இனிஷியல் கேட்கிறான். அப்புறம் தெருப் பெயரும் கேட்கிறான். வரிசையில் நிற்கும் பெரியவர் ஒருவர், "ஏன் தம்பி, மொய் எழுதுறியா, ரேஷன் கார்டு போடுறியா?" என்கிறார். அவ்வளவுதான், காதல் வந்துவிடுகிறது. 112-ஆம் பக்கத்தில் மண்டபம் காலி. பின்கட்டில் அண்டா கழுவும் சத்தம். இருவரும் மீந்த ஜாங்கிரி ஒன்றை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துத் தின்கிறார்கள். இதில் விபத்து எங்கிருந்து வரும்? ஜாங்கிரி தொண்டையில் சிக்கியா?

பத்தொன்பது வயதில் எங்கள் ஊர் நூலகத்தில் என்னைப் போன்ற ஒருவன் வரும் கதை இரண்டு கிடைத்தது. ஒன்றில் அவன் கிணற்றில் விழுகிறான். இன்னொன்றில் தூக்க மாத்திரை. இரண்டையும் நின்றுகொண்டே படித்தேன். வீட்டுக்கு எடுத்துப்போகத் தைரியம் இல்லை. அன்றிலிருந்து எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிற பழக்கம் வந்துவிட்டது. ஆள் உயிரோடு இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டுதான் முதல் பக்கத்துக்குப் போவேன். இப்போது எனக்கு நாற்பத்தொன்று, இன்னும் அப்படித்தான். இந்த நாவலைக்கூடக் கடைசி அத்தியாயத்திலிருந்துதான் எழுதத் தொடங்கினேன். அந்த அத்தியாயத்தில் இருவரும் இன்னொரு கல்யாணத்துக்குப் போய், ஒரே கவரில், இரண்டு பேரும் சேர்ந்து மொய் வைக்கிறார்கள். தயவுசெய்து அவர்களை அங்கே போய்ச் சேர விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு குறை: "பார்த்த மாத்திரத்தில் காதல் என்பது நம்பும்படி இல்லை." ஐயா, அம்மா, நீங்கள் வெளியிடும் குடும்ப நாவல்களை நான் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவன். மாப்பிள்ளை ஓடிப்போகிறான், பந்தலில் முறைத்துக்கொண்டு நின்ற கோடீஸ்வரன் முன்பின் தெரியாத பெண்ணுக்குத் தாலி கட்டுகிறான், இருபதாவது அத்தியாயத்தில் அவளுக்கு அவன்மேல் உயிரே வந்துவிடுகிறது. அதை நம்ப முடிகிறது. கண்டதும் வருகிற காதலுக்கு அகப்பொருள் இலக்கணம் இயற்கைப் புணர்ச்சி என்று பெயரே வைத்திருக்கிறது. அதுவும் தலைவனுக்கும் தலைவிக்கும்தான் என்பீர்கள். சரி, தெருப் பெயர் கேட்பதற்கு என்ன இலக்கணம் வேண்டும்?

அந்தக் கடிதத்தில் 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. என் நாவலில் சேர்க்கை எதுவும் இல்லை. மிஞ்சிப் போனால் ஒருவன் இன்னொருவனுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிறான். எங்களைப் போன்றவர்களை மரியாதையாகக் குறிப்பிடுவதற்கான சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசே 2022-ல் அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. பதிப்பகத்தில் ஒரு பிரதி இருந்தால் நல்லது.

'சட்டச் சிக்கல்' என்றும் ஒரு வார்த்தை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் கீழ், வயதுவந்தவர்கள் மனமொத்து வைத்துக்கொள்ளும் தன்பாலின உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றே சொல்லிவிட்டது. 2023 அக்டோபரில் தன்பாலின இணையருக்குத் திருமண உரிமையை மறுத்தது உண்மை. ஆனால் என் நாவலில் நடப்பது வேறு இருவரின் கல்யாணம். அதில் சட்டத்துக்கு என்ன வேலை? 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியில்லை என்று சொன்னது. நீதிபதிகளுக்குப் பிடிபட்டது பதிப்புக் குழுவுக்கும் பிடிபடும் என்று நம்புகிறேன்.

உங்கள் உண்மையான பயம் நூலக ஆணை, அதாவது அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் ஆணை, கிடைக்காமல் போய்விடுமோ என்பதுதான் என்று தெரியும். அதைப் போனில் நேராகச் சொல்லியிருந்தால் ஒரு டீ குடித்துவிட்டுப் பிரிந்திருப்போம். மாறாக, "உங்கள் வலியை எழுதுங்கள், தன்வரலாறாக உடனே போடுகிறோம்" என்றீர்கள். அழுதால் அச்சுக்குப் போகும், ஜாங்கிரி தின்றால் போகாது. எங்கள் அழுகைக்கு மட்டும் எப்போதும் தாள் இருக்கிறது போலும்.

குரல் உயர்ந்துவிட்டது, மன்னிக்கவும். நான் கேட்பது ஒன்றுதான். நாவலை அதன் முடிவோடு வெளியிடுங்கள். சரவணனைக் கொல்லாமல் வெளியிடுங்கள். முடியாதென்றால் 'முடியாது' என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள், வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 31-ஆம் பக்கத்தில் 501 ஆக இருந்த மொய் 90-ஆம் பக்கத்தில் 1,001 ஆகிவிட்டதை உங்கள் பென்சில்தான் பிடித்தது. நான் நான்கு தடவை படித்தும் என் கண்ணில் படவில்லை. அதைத் திருத்திவிட்டேன். நன்றி.

இப்படிக்கு,
அந்த நாவலை எழுதியவன்