ஆலாவின் கத்தலைக் குறை சொல்லலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழனி மலை அடிவாரத்து அணைகளின் பறவைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையையும் படங்களையும் ரசித்தேன். ஆனால், மீன் பிடித்துண்ணும் நீர்ப்பறவைகளான ஆலாக்களை 'பார்க்க அழகு, குரல்தான் சகிக்காது' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது மனதை உறுத்துகிறது.

விடியும் முன்பே சீகாரப்பூங்குயில் சீட்டியடிக்கும், கொடைக்கானலுக்கு அருகிலுள்ள பெருமாள்மலையில் வாழ்கிறேன். அதைக் கேட்டுப் பழகிய காதுக்கும் ஆலாவின் கத்தல் அலுத்ததில்லை. கோடையில் பாலாறு-பொருந்தலாறு அணையில் நீர் வற்றியதும் கரையில் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஆண் ஆற்று ஆலா, மஞ்சள் அலகில் சிறு மீனைக் குறுக்கே கவ்வி, கத்திக்கொண்டே வட்டமிடும். பெண் உடலைத் தாழ்த்தி, கழுத்தை நீட்டி, விட்டுவிட்டுக் கெஞ்சும். மீன் அலகு மாறும் வரை இரண்டுக்கும் வாய் ஓயாது. நமக்குப் போலத் தொண்டையில் அல்லாமல், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் பறவைக்குக் குரல் பிறக்கிறது. மீனைக் கவ்விக்கொண்டும் ஆலாவால் கத்த முடிகிறது. ஆலா இனம் ஒன்றில், அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் குஞ்சுகள் தம் பெற்றோரின் குரலைப் பிரித்தறிவதை ஆய்வாளர்கள் ஒலிப்பதிவைப் போட்டுக்காட்டியே உறுதிசெய்திருக்கிறார்கள்.

ஆலாவின் உறவான கடற்காகமும் இப்படித்தான். விலங்கியல் ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கன், ஹெர்ரிங் என்னும் வகைக் கடற்காகங்களின் குரல்களை, கூடவே வரும் அசைவுகளோடு ஆண்டுக்கணக்கில் கவனித்தார். தலையைக் குனிந்து பின் மேலே வீசி எழுப்பும் நீண்ட முழக்கம், பூனைபோல் இழையும் அழைப்பு, இணைகள் கூடமைக்கும் இடத்தில் குனிந்து தொண்டை அதிர எழுப்பும் தாழ்ந்த ஒலி என ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருள் கண்டார். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆற்று ஆலா, நீர் வற்றி வெளிப்படும் திட்டுகளில் வெறும் தரையில்தான் முட்டையிடும். மனிதரோ நாயோ நெருங்கினால் தலைக்கு மேல் பறந்து வீறிடும். அது எச்சரிக்கை. படம் எடுக்கும் ஆர்வத்தில் அங்கேயே நின்றால், அடைகாக்க ஆளின்றி முட்டைகள் வெயிலில் வெந்துவிடும். மார்ச் முதல் மே வரை திட்டுகளில் கால் வைக்க வேண்டாம் என்று உங்கள் பறவைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். எந்தக் குரல் அழைப்பு, எந்தக் குரல் எச்சரிக்கை என்றும் விளக்கி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெருமாள்மலை.