பழைய துணிக்கு முன்னால் பழைய பாக்கி

ஆசிரியருக்கு வணக்கம்.

வசதி உள்ளவர்களின் தார்மீகப் பொறுப்பு பற்றி வந்த கட்டுரையில் நன்கொடை, அறக்கட்டளை, படிப்புச் செலவு என்று ஊருக்குச் செய்வதெல்லாம் இருந்தது. தினமும் நம் வீட்டுக்குள் வந்து பாத்திரம் தேய்ப்பவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவருக்கு நாம் செய்யும் உதவியைவிட, நாம் வைத்திருக்கும் பாக்கிதான் அதிகம்.

உலகம் முழுக்க வீட்டுவேலை செய்பவர்கள் 7.56 கோடிப் பேர் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2021-ல் மதிப்பிட்டது. நான்கில் மூவர் பெண்கள். பத்தில் எட்டுப் பேர் முறைசாரா வேலையில் இருப்பவர்கள். இவர்களுக்காகவே அந்த அமைப்பு 2011-ல் 189-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அது கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை: வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு, மாதம் ஒருமுறையாவது சம்பளம், வேலையின் நிபந்தனைகளைப் புரியும்படி சொல்வது, முடிந்தவரை எழுத்தில். இது தனக்கு இல்லை என்றால் எந்த அலுவலக ஊழியரும் வேறு வேலை தேடத் தொடங்கிவிடுவார்.

சம்பளத்தை வெளிப்படையாகக் குறைப்பவர்கள் குறைவு. வேலை தானாக வளர்வதில்தான் ஏமாற்று நடக்கிறது, பெரும்பாலும் ஏமாற்றுகிறவருக்கே தெரியாமல். பேசியது பெருக்குவது, துடைப்பது, பாத்திரம். இரண்டு மணி நேரம். பிறகு, 'அப்படியே அந்தத் துணியையும் காயப்போட்டுடு.' விருந்தாளி வந்தால் இன்னொரு சுற்றுப் பாத்திரம். கூடுதலாக நாளுக்கு 20 நிமிடம் என்றே வையுங்கள். மாதம் 26 நாளைக்கு 520 நிமிடம், அதாவது 8 மணி 40 நிமிடம். இரண்டு மணி நேர வேலைக்கு இது நான்கு நாள் கூலிக்கும் மேல். மாதா மாதம் அவர் நமக்குத் தரும் நன்கொடை அது. வருஷத்துக்கு ஒருமுறை கொடுக்கும் பழைய புடவையால் அது கழியாது. புது வேலை சேரும்போதே நேரத்தைக் கணக்கிட்டுச் சம்பளத்தைக் கூட்டுவது, அல்லது அன்றைக்கு வேறொரு வேலையைக் குறைப்பது. இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்.

நாம் பத்து நாள் வெளியூர் போய் வீட்டைப் பூட்டினால் அந்த நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடிப்பதும் நடக்கிறது. வேலை இல்லாமல் போனது நம்மால்; அந்தப் பத்து நாளை மட்டும் நிரப்ப அவருக்கு வேறு வீடு கிடைக்காது. முழுச் சம்பளம் தர வேண்டும்.

முன்பணம் இன்னும் சிக்கலானது. கொடுக்கும்போது அது உதவிதான். கணக்கு நம் தலையில் மட்டும் இருந்து, பிடித்தமும் நம் இஷ்டப்படி நடந்தால், கடன் தீரும்வரை அவரால் வேலையை விட முடியாது. சம்பள உயர்வு கேட்க வாயும் வராது. ஒரு மாதச் சம்பளம் முன்பணம் என்றால் மாதம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்காதீர்கள், பத்து மாதத்தில் தீர்ந்துவிடும். வட்டி கூடாது. இரண்டு சிறு நோட்டு போட்டு, ஒவ்வொரு பிடித்தத்தையும் இரண்டிலும் எழுதி, ஒன்றை அவரிடமே கொடுத்துவிடுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டுங்கள். அவர் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை சரிபார்த்துக்கொள்ளும். உடைந்த தட்டுக்குப் பிடிப்பது, கையுறைக்குப் பிடிப்பது எல்லாம் வேண்டாம். வேலைக்குத் தேவையான சீருடை, கருவி, பாதுகாப்புப் பொருள் எதற்கும் பிடித்தம் கூடாது என்று உடன்படிக்கையோடு வந்த 201-ஆம் பரிந்துரையே சொல்கிறது.

'எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி' என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. வீட்டுப் பெண் சம்பளம் பேச மாட்டாள், லீவு கேட்க மாட்டாள். அந்த வசதிக்காகவே பலர் அப்படிச் சொல்கிறோம்.

கழிவறைக்கு வருவோம். பிளீச்சிங் திரவத்தையும் ஆசிட் கலந்த கிளீனரையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சாத்திய சின்னக் கழிவறையில் அது நுரையீரலையே பாதிக்கும். கறை போகவில்லை என்று நாம் சலித்துக்கொண்ட மறுநாள்தான் அவர் இரண்டையும் சேர்த்து ஊற்றிப் பார்ப்பார். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலில் மாற்றி ஊற்றி வைக்காதீர்கள். சேர்க்கக் கூடாது என்பதை வாயால் சொல்லி, ரப்பர் கையுறையை அவர் கைக்கு அளவாக வாங்குங்கள். பெரிதாக இருந்தால் வழுக்கும், கழற்றி வைத்துவிடுவார்.

ஒரு வேண்டுகோள். ஒரு பக்க ஒப்பந்தத் தாளின் மாதிரியை அடுத்த இதழில் அச்சிடுங்கள். என்னென்ன வேலை, எத்தனை மணி நேரம், வார ஓய்வு எந்த நாள், சம்பளத்தோடு எத்தனை நாள் லீவு, சம்பளத் தேதி, எந்த மாதம் உயர்வு, வேலையை விடவோ நிறுத்தவோ எத்தனை நாள் முன்னறிவிப்பு, இவ்வளவு போதும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். வெட்டி எடுக்க வசதியாகப் பின்பக்கத்தைக் காலியாக விடுங்கள், அதே இதழில் இரண்டு பிரதி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்