அடுத்த வாசிப்பு: சம்யாத்தினின் ‘நாம்’

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு மாலைச் சந்திப்பில், ரஷ்ய எழுத்தாளர் யெவ்கேனி சம்யாத்தின் 1920–21 ஆண்டுகளில் எழுதிய ‘நாம்’ நாவலைப் பற்றிப் பேச இருக்கிறோம். பெயருக்குப் பதிலாக எண்ணைச் சுமக்கும் மக்கள், கண்ணாடிச் சுவர் வீடுகளில் அடுத்தவர் பார்வையிலேயே வாழ்ந்து, கால அட்டவணைப்படி ஒரே நொடியில் கரண்டியைத் தூக்கி, ஒவ்வொரு கவளத்தையும் 50 முறை மென்று விழுங்கும் நாடு அது. அதைவிட என்னை உலுக்கியது, கதை சொல்லும் டி-503 என்ற பொறியாளன் தொடக்கத்தில் அந்த வாழ்வைப் பெரும்பேறாகவே கருதுகிறான் என்பதுதான். எங்கே செல்கிறோம், எதை வாங்குகிறோம், எப்போது உறங்குகிறோம் என்பதையெல்லாம் எவரும் வற்புறுத்தாமலே கைப்பேசியிடம் ஒப்படைத்துவிட்ட நமக்கு, கண்ணாடிச் சுவரைக் காட்டிலும் அந்த மனநிறைவே பெரிய எச்சரிக்கை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சோவியத் தணிக்கையால் தடுக்கப்பட்டு, 1924இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக முதலில் வெளிவந்த இந்நூல், ஆசிரியர் 1937இல் பாரிசில் காலமாகி அரை நூற்றாண்டு கழிந்த பின், 1988இல்தான் அவருடைய நாட்டில் அச்சேறியது.

நாவலின் அத்தியாயங்களாக அமைந்த 40 பதிவுகளில் முதல் பத்தையேனும் படித்துவிட்டு வருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.