வீட்டு வேலை செய்யும் பெண் புகாரை எங்கே கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பணியிடப் பாலியல் தொல்லை என்றதும் பேச்சு ஐ.டி. கம்பெனி, கல்லூரி, சினிமா என்றே போகிறது. அடையாறு, அண்ணா நகர் அடுக்குமாடிகளுக்குக் காலை ஆறு மணிக்கே பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்கும் அதே 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம்தான். அவர் வேலை பார்க்கும் வீடும் சட்டப்படி பணியிடமே. அவரைப் போன்றவர்களுக்காகவே மாவட்டந்தோறும் புகார் வாங்கும் ‘உள்ளூர் குழு’ இருக்க வேண்டும். நகரத்தில் வார்டு அல்லது நகராட்சி அளவில் ஒரு நோடல் அதிகாரி புகாரை வாங்கி, ஏழு நாளுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும். சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள் இருக்கின்றன. உங்கள் வார்டுக்கு அந்த அதிகாரி யார் என்று வார்டு அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

முதல் குழப்பம் எல்லையில் வருகிறது. பெரும்பாக்கம் குடியிருப்பில் வசிப்பவர் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். அவர் வேலை பார்க்கும் வீடோ அடையாற்றில். கணக்கில் வருவது வேலை செய்யும் இடம்தான். எனவே புகார் சென்னை மாவட்டக் குழுவுக்குப் போக வேண்டும். இது தெரியாமல் இரண்டு ஆட்சியர் அலுவலகங்களுக்கும் அலைந்தால் அன்றைய கூலி போவதோடு கெடுவும் கரையும். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை அனுமதிக்கலாம்.

புகாரை ஆறு பிரதிகளாகத் தர வேண்டும் என்கின்றன விதிகள். நடந்த தேதி, நேரம், பிளாக், வீட்டு எண், அந்த ஆள் என்ன சொன்னார் அல்லது செய்தார், அதை முதலில் யாரிடம் சொன்னீர்கள் என்பவற்றை எழுதுங்கள். பேசிய வார்த்தைகளை நாகரிகம் பார்த்து மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும். ‘தவறாக நடந்துகொண்டார்’ என்ற ஒற்றை வரியால் ஒரு பயனும் இல்லை. எழுதத் தெரியாதவருக்குக் குழுவினரே எழுதித் தர வேண்டும். ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்து, வீட்டோடு தங்கி வேலை செய்யும் பெண் வெளியே வர முடியாவிட்டால், விஷயம் தெரிந்த எவரும் அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு புகார் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரும் வாட்ச்மேனும்கூடக் கொடுக்கலாம்.

சாட்சி இல்லையே என்று பலர் பின்வாங்குகிறார்கள். நிரூபிக்க முடியாமல் போனது என்பதற்காக மட்டும் புகார் பொய்யாகிவிடாது. சட்டமே அப்படிச் சொல்கிறது. கேட்டில் இருக்கும் வருகைப் பதிவேடு, செக்யூரிட்டி ஆப்பில் உள்ள நேரம், ஜிபேயில் வந்த சம்பளம், வாட்ஸ்அப் குரல் பதிவு எல்லாம் உதவும். கேமரா பதிவு சில வாரங்களில் அழிந்துபோகும் என்பதால் அதைப் பாதுகாத்து வைக்கும்படி குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு உடனே எழுதிக் கொடுங்கள். இவற்றுக்கு இன்னொரு பயனும் உண்டு. புகார் போன மறுநாளே ‘நகையைக் காணோம்’ என்று எதிர்ப்புகார் கிளம்புவது வழக்கம். அப்போது யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்ற கணக்குதான் அந்தப் பெண்ணைக் காப்பாற்றும்.

சட்டத்தின் பெரிய ஓட்டை இதற்குப் பிறகுதான் தெரிகிறது. அலுவலக ஊழியருக்கு விசாரணை உண்டு, அது முடியும்வரை இடமாற்றம், மூன்று மாதம் வரை விடுப்பு என்று இடைக்கால நிவாரணமும் உண்டு. வீட்டு வேலை செய்பவர் விஷயத்திலோ, முகாந்திரம் இருந்தால் குழு ஏழு நாளுக்குள் புகாரைப் போலீசுக்கு அனுப்ப வேண்டும், அத்தோடு சரி. குழு வெறும் தபால் பெட்டியாகிவிடுகிறது. வேலையும் போய், வழக்கும் நடத்த வேண்டிய பெண்ணுக்கு அந்த மாதச் சம்பளம் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆகவே குழு அனுப்பிய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்குங்கள். காவல் நிலையத்துக்கு நேரடியாகவும் போகலாம். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். பெரும்பாலும் புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அது வழக்குப் பதிந்ததைக் காட்டும் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) அல்ல. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் தொல்லைக்கான 75, பெண்ணை இழிவுபடுத்தும் சொல், சைகைக்கான 79 ஆகிய பிரிவுகளைச் சொல்லிக் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். வழக்கறிஞருக்கும் செலவு வேண்டாம்: வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி இலவசம், தொலைபேசி எண் 15100.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களுக்கு ஒரு வார்த்தை: ‘இவரை வேலைக்கு வைக்காதீர்கள்’ என்று புகார் கொடுத்தவரின் படத்தைப் போடுகிறார்களே, புகார் தந்தவரின் பெயரும் முகவரியும் எவ்விதத்திலும் வெளிவரக் கூடாது என்பது அதே சட்டத்தின் 16ஆவது பிரிவு.

மாவட்டந்தோறும் உள்ளூர் குழுக்களை 2025 ஜனவரி இறுதிக்குள் அமைத்து முடிக்க உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. சென்னை ஆட்சியரும் மாநகராட்சியும் செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. குழுத் தலைவர், நோடல் அதிகாரி ஆகியோரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தமிழிலும் இந்தியிலும் எழுதி, ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டலாம். ஞாயிறு பிற்பகலிலும் புகார் வாங்கட்டும். இந்தப் பெண்களில் பலருக்கு ஓய்வு கிடைப்பது அப்போதுதான்.

— வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்குப் புகார் எழுத உதவும் தன்னார்வலர்கள், சைதாப்பேட்டை, சென்னை