பெட்டியில் இங்க்ஜெட் ஃபிலிம் என்கிறீர்கள், உள்ளே இருப்பது அது இல்லை

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்களிடம் ஏ4 இங்க்ஜெட் ஃபிலிம், அதாவது இங்க்ஜெட் பிரிண்டரில் போடுகிற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட், இரண்டு பெட்டி வாங்கியிருக்கிறேன். முதல் பெட்டியில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவதில் 20 ஷீட், 7 வீண். மீதி 13ஐ நான் தொடப்போவதில்லை.

இதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்று உங்கள் ஆட்கள் போனில் இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் சொன்னேன், புரிந்த மாதிரி இல்லை. சரி, எழுதியே தருகிறேன். சால்ட் பிரிண்ட். காகிதத்தில் போட்டோ பிரிண்ட் போட ஃபாக்ஸ் டால்பாட் 1830களில் கண்டுபிடித்த முறை. 2 சதவீத உப்புக் கரைசலில் காகிதத்தை நனைத்துக் காயவைத்து, மேலே 12 சதவீத சில்வர் நைட்ரேட் பூசினால் காகிதத்திலேயே சில்வர் குளோரைடு உண்டாகும், அது வெயில் பட்டால் கறுக்கும். நெகட்டிவை அந்தக் காகிதத்தின் மேலேயே வைத்து அமுக்கி வெயில் காட்ட வேண்டும், அதனால் படம் எவ்வளவு பெரிதோ நெகட்டிவும் அவ்வளவு பெரிதாக வேண்டும். என்னிடம் இருப்பது டிஜிட்டல் கேமரா. கம்ப்யூட்டரில் கறுப்பை வெள்ளையாக்கி வெள்ளையைக் கறுப்பாக்கி, உங்கள் ஃபிலிமில் பிரிண்ட் எடுத்து அதையே நெகட்டிவாக வைத்துக்கொள்கிறேன். ஃபிலிமில் இங்க் அடர்த்தியாக நின்றால்தான் புற ஊதாக் கதிரை மறிக்கும். நிற்காவிட்டால் வானமும் வெள்ளைச் சுவரும் சாம்பல் பூத்துப் போகும்.

நான் எடுத்தது ராயபுரம் ரயில் நிலையத்தின் முகப்பு. 1856இல் அது திறந்த காலத்தில் புழக்கத்தில் இருந்த முறையிலேயே அதைப் பிரிண்ட் போட வேண்டும் என்று ஓர் ஆசை, அவ்வளவுதான். பிரிண்டரிலிருந்து ஷீட் வெளியே வந்தபோது தூண்கள் இருந்த இடத்தில் இங்க் முத்து முத்தாக உருண்டு நின்றது, எண்ணெய் தடவிய தட்டில் தண்ணீர் தெளித்த மாதிரி. ராத்திரி முழுக்க ஃபேனுக்கு அடியில் வைத்தேன். காலையில் விரல் வைத்தால் விரலோடு வந்தது. காய்ந்த மாதிரி தெரிந்த ஒன்றைத் துணிந்து பிரேமில் போட்டு மொட்டை மாடியில் 15 நிமிடம் வெயில் காட்டினேன், திறந்து பார்த்தால் பாதி இங்க் வெள்ளி பூசிய காகிதத்தில் ஒட்டியிருந்தது. இப்படி 3 காகிதம். சில்வர் நைட்ரேட் என்ன விலை விற்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். (விரலெல்லாம் கறுத்துப்போய், வீட்டில் 'யாருக்கு டை அடிச்ச?' என்று கேட்டது தனிக் கதை.)

இதற்கு உங்கள் பதில்: கடல் பக்கம் காற்றில் ஈரம் அதிகம், ஏசி ரூமில் பிரிண்ட் எடுங்க சார், செட்டிங்கையும் மாத்திப் பாருங்க. சார், நான் இருப்பது காசிமேடு, ஈரக் காற்று எனக்குப் புதிதில்லை. முதல் பெட்டியும் இதே காற்றில்தான் வேலை செய்தது.

அந்தப் பெட்டியில் ஒரே ஒரு ஷீட் மிச்சம் இருந்தது. அதே நாள், அதே பிரிண்டர், அதே பிக்மென்ட் இங்க், அதே படம். பத்து நிமிடத்தில் காய்ந்துவிட்டது. அப்புறம் விரலை ஈரமாக்கி இரண்டு ஷீட்டின் ஓரத்தையும் பிடித்துப் பார்த்தேன். இங்க்ஜெட் ஃபிலிமில் ஒரு பக்கம் இங்கை உறிஞ்சுகிற பூச்சு இருக்கும், ஈர விரல் அதில் பிசுக்கென்று ஒட்டும். பழைய ஷீட் ஒட்டியது. உங்கள் புது ஷீட் இரண்டு பக்கமும் வழுக்குகிறது. பூச்சே இல்லை. இது லேசர் பிரிண்டருக்கான ஷீட். அதில் டோனர் பொடியைச் சூட்டில் உருக்கி ஒட்டுவதால் பூச்சு தேவைப்படாது. ஜெராக்ஸ் கடையில் சில்லறையாகக் கிடைக்கிற ஓஹெச்பி ஷீட்டை (புரொஜெக்டரில் வைக்கிற சாதா பிளாஸ்டிக் ஷீட்) இங்க்ஜெட் லேபிள் ஒட்டி எனக்கு ஐந்து மடங்கு விலைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். தெரிந்து செய்தீர்களோ, பேக்கிங்கில் மாறிப்போனதோ, அது உங்கள் பாடு.

பெட்டியின் முழுப் பணமும் திரும்ப வேண்டும். மீதி 13 ஷீட்டை உங்கள் செலவில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பேட்ச் எண் தெரிகிற மாதிரி பெட்டியின் போட்டோ, இரண்டு ஷீட்டையும் பக்கத்தில் வைத்து எடுத்த வீடியோ, பில் எல்லாம் இணைத்திருக்கிறேன். அதே பேட்ச்சில் வேறு யாருக்கெல்லாம் போயிருக்கிறது என்றும் பாருங்கள். 7 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகார் பதிவு செய்வேன்.

பணத்துக்குப் பதில் சரியான ஃபிலிம் அனுப்புவதானாலும் சம்மதம்தான், ஆனால் ஐப்பசி பிறப்பதற்குள் வரட்டும். மழை பிடித்துக்கொண்டால் மாடியில் எனக்கு வெயில் கிடையாது.

இப்படிக்கு,
காசிமேட்டிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்