பேத்திக்குச் சொல்ல ஓர் ஊர்

அன்புள்ள கதிருக்கு,

பள்ளிக்கூடத்தில் பாரம்பரிய இடம் ஒன்றைப் பற்றிப் பெரியவள் பேச வேண்டுமாம், எங்கள் ஊர் பெல் பார்ன் என்கிற பழைய குதிரை லாயத்தின் போட்டோ அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். அப்பா எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளை அந்தக் கல் கட்டடத்தை மட்டும் காட்டிவிட்டு உட்கார்ந்தால் எனக்கு மனசு ஆறாது. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்துச் சின்ன ஊரான இந்த இந்தியன் ஹெட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து முதியோர் இல்லத்தில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவள் நான். தூக்கம் வராத பெரியவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டதில் இந்த ஊர்க் கதை உன் அப்பாவை விட எனக்குத்தான் அதிகம் தெரியும்.

முதலில் அந்த பார்னையே சொல்லிவிடுகிறேன். ரயில் பாதை இந்தப் பக்கம் வந்த 1882இல் கட்டிய குதிரை லாயம் அது, வட்டமாகக் கல்லில் கட்டியது. மேஜர் வில்லியம் பெல் என்பவர் கம்பெனி வைத்து 53,000 ஏக்கர் வளைத்துப் பிடித்து ஒரே பண்ணையாக நடத்தப் பார்த்தார். சில வருடங்களிலேயே கம்பெனி நொடித்துப் போய்விட்டது. லாயம் மட்டும் நூறு வருடத்துக்கு மேல் நின்று, கடைசியில் இடிந்து விழும் நிலைக்கு வந்தது. ஊர்க்காரர்கள் சங்கம் அமைத்து, காசு திரட்டி, 2008இல் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, அந்தப் பழைய கற்களை வைத்தே திரும்பக் கட்டினார்கள். அந்த உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தோற்றுப்போன ஒரு பெரிய கம்பெனியின் லாயத்துக்கு இவ்வளவு மரியாதை என்றால், ஊரைப் பிழைக்க வைத்த விஷயங்களுக்கும் கொஞ்சம் இருக்க வேண்டாமா?

அந்த விஷயங்கள் மண்ணில் இருக்கின்றன. இந்த மண்ணை நீ சரியாகப் பார்த்ததே இல்லை. வந்தபோதெல்லாம் பனி மூடிக் கிடந்தது. நம் கோவில்பட்டிக் கரிசல் மாதிரியேதான், கனத்த களி. மழை பெய்தால் செருப்பில் அப்பிக்கொண்டு விடாது, காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். விவசாயமும் மானாவாரிதான். உன் தாத்தா வந்து பார்த்திருந்தால் ஆளுக்கு இத்தனை ஏக்கரா என்று மலைத்திருப்பார், ஆனால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற இவர்களின் முகம் அவருக்குப் புதிதாக இருந்திருக்காது.

1885இல் மெத்தீஸ் மக்கள், அதாவது பூர்வகுடிகளும் ஐரோப்பியரும் கலந்த வழியில் வந்தவர்கள், லூயி ரியேல் தலைமையில் அரசாங்கத்தை எதிர்த்து எழுந்தார்கள். அவர்களை அடக்கப் போன படைக்குச் சாமான் இழுக்க இங்குள்ள குதிரைகளையும் வண்டிகளையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஏர் பூட்டக் குதிரை இல்லை, அதனால் பல நிலங்கள் அந்த வருடம் விதைக்காமலே கிடந்தன. அடுத்த வருடம் கடுமையான வறட்சி. எல்லாம் கருகிப்போக, முந்தின வருடம் சும்மா உழுது போட்டிருந்த நிலத்தில் மட்டும் கோதுமை தேறியது என்று சொல்வார்கள். ஆங்கஸ் மக்கே என்ற விவசாயி இதைப் பிடித்துக்கொண்டார். ஒரு வருடம் விதைக்காமல் உழுது புழுதியாகப் போட்டுவை, களை முளைத்தால் திரும்ப உழு, மண்ணுக்குள் இறங்கிய ஈரம் அடுத்த வருடப் பயிரைக் காப்பாற்றும் என்றார். மத்திய அரசு 1887இல் இங்கே சோதனைப் பண்ணை தொடங்கியபோது அவரையே தலைவராக்கினார்கள். அவர் சொன்னதை, அப்போது வடமேற்கு என்று அழைத்த இந்தப் பிரதேசம் முழுவதும் வேதமாக எடுத்துக்கொண்டது.

ஆனால் புழுதிக்கு இன்னொரு குணம் உண்டு. காற்றடித்தால் பறக்கும். 1930களில் வருடக்கணக்காக மழை பொய்த்தபோது உழுது போட்ட மேல்மண் எல்லாம் எழும்பிப் போய்விட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இல்லத்தில் ஒரு மூதாட்டி இருந்தார். சாப்பாட்டுத் தட்டை நேராக வைத்தால் எடுத்துக் கவிழ்த்து வைத்துவிடுவார். மறதி நோய் என்று நாங்கள் நினைத்தோம். அவர் மகள் வந்துதான் சொன்னார், சின்ன வயதில் வீட்டில் அப்படித்தான் வைப்பார்களாம், சோறு போடுகிற நேரம் வரை தட்டில் மண் விழாமல் இருக்க. அப்புறம் அவருக்கு மட்டும் தட்டைக் கவிழ்த்தே வைத்தோம்.

இப்போது மரத்துக்கு வருகிறேன். இதைத்தான் பெரியவள் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. இந்த வெட்டவெளியில் காற்றைத் தடுக்க ஒன்றும் கிடையாது. அதனால் 1901லிருந்தே அரசாங்கம் விவசாயிகளுக்கு இலவசமாக மரக்கன்று கொடுக்க ஆரம்பித்தது. அதற்கான நாற்றங்கால் இந்த ஊரில்தான் இருந்தது. கராகானா, ஆஷ் மரம், மானிடோபா மேப்பிள், ஸ்புரூஸ் என்று ரயிலேற்றி அனுப்பினார்கள். மூடுகிற வரைக்கும் 60 கோடிக் கன்றுகளுக்கு மேல் போயிருக்கின்றன. நீ காரில் வரும்போது வயல்களுக்கு நடுவே கோடு கிழித்தது போல நிற்கிற மரங்கள், பண்ணை வீடுகளைச் சுற்றி இருக்கிற தோப்புகள், எல்லாம் யாரோ ஒருவர் கையால் நட்டு, முதல் சில கோடையில் களை எடுத்து, காப்பாற்றிக் கொடுத்தவை. நம் வீட்டுப் பின்புறத்து கராகானா வேலியும் அந்த நாற்றங்கால் பிள்ளைதான். சைபீரியாவிலிருந்து வந்த செடி, மைனஸ் நாற்பதையும் தாங்கும். 2013இல் மத்திய அரசு அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டது. பார்னுக்குக் கிடைத்த மாதிரி ஆதரவு நாற்றங்காலுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது அந்த வரிசைகளை புல்டோசர் வைத்துத் தள்ளி, குவித்து, கொளுத்துகிறார்கள். ஏன் என்று கேட்டால் நியாயமான பதிலும் வைத்திருக்கிறார்கள். இன்றைய விதைக்கும் கருவி அறுபது, எழுபது அடி அகலம், மரத்தைச் சுற்றித் திருப்ப முடியாது. அதோடு மண் இப்போது முன்பு போலப் பறப்பதில்லை. உழாமலேயே விதைக்கிற முறை வந்துவிட்டது. அறுத்த தாளை அப்படியே விட்டுவிட்டு அதற்குள் கீறி விதையும் உரமும் போடுகிறார்கள். அதற்கான கருவியைச் செய்து பார்த்தவர்களில் முக்கியமான ஒருவர், ஜிம் ஹால்ஃபர்ட், இந்த ஊர் விவசாயிதான். அந்தச் சோதனைப் பண்ணையும் பிறகு உழாத விவசாயத்துக்கே வேலை செய்தது. உழுது புழுதியாக்கு என்று நாட்டுக்கே சொல்லிக் கொடுத்த ஊர், நூறு வருடம் கழித்து, தயவுசெய்து உழாதே என்று சொல்லிக் கொடுத்தது. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது இதுதான். எத்தனை ஊர் இப்படித் தன் பேச்சைத் தானே மாற்றிக்கொள்ளும்?

மரத்தை வெட்டுவதற்கு இந்த நியாயம் போதுமா என்றால் போதாது என்றுதான் சொல்வேன். பனியைப் பிடித்து வைப்பது மரம், பறவைக்கும் தேனீக்கும் இடம் மரம். வறட்சி திரும்ப வராது என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

சும்மா போட்டு வைத்த நிலத்தில் இப்போது பருப்பும் பட்டாணியும் வந்துவிட்டன. கனடாவில் விளைகிற பருப்பில் பெரும்பகுதி இந்த சஸ்காட்செவன் மாகாணத்தில்தான், இங்கிருந்து தெற்கேயும் மேற்கேயும் அதிகம். உன் ஆச்சி ரேஷன் கடையில் துவரைக்குப் பதிலாகக் கனடியன் மஞ்சள் பருப்பு போடுகிறான் என்று புலம்புவாளே, நினைவிருக்கிறதா? சாம்பார் ருசியே போச்சு என்பாள். அவள் திட்டின பருப்பு விளைகிற சீமையில் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். இதைச் சொன்னால் வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள், சொல்லச் சொல்.

விவசாயிகள் 1901 டிசம்பரில் இங்கே கூடிச் சங்கம் தொடங்கியதையும் ஒரு வரி சேர்க்கலாம். தானியம் ஏற்ற ரயில் பெட்டி எல்லாம் கிடங்கு முதலாளிகளுக்கே போகிறது என்று, பக்கத்து ஊரான சின்டலூட்டாவின் ரயில்வே ஏஜென்ட் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். அவ்வளவு போதும், மீதி பெரியவர்கள் கதை.

ஆனால் ஒன்றை விட்டுவிடக் கூடாது. லாயம் கட்டிய அதே 1882இல்தான், மேற்கே சைப்ரஸ் குன்றுகளில் இருந்த நக்கோடா பூர்வகுடி மக்களை அரசாங்கம் ரேஷனைக் குறைத்துப் பட்டினி போட்டு இந்தப் பக்கம் நகர்த்த ஆரம்பித்தது. வந்த பிறகும் பசியிலும் நோயிலும் பலர் செத்தார்கள். அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலமான கேரி த கெட்டில் ரிசர்வ் சின்டலூட்டாவுக்குத் தெற்கே இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கிற பெண் ஒருத்தி அங்கிருந்துதான் வருகிறாள். பார்னைப் பற்றிப் பேச்சு வந்தால், "எங்கள் ஆட்களுக்கு அந்த வருடம் வேறு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். பேத்திக்குப் பத்து வயதாகிவிட்டது, புரிந்துகொள்வாள். மென்று முழுங்காமல் சொல்லிக் கொடு.

ஜூலையில் வருவதாக இருந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் வாருங்கள். கனோலா எண்ணெய்ப் பயிர் பூத்திருக்கும், ஆளிவிதை வயல் காலையில் நீலமாக இருந்துவிட்டு மத்தியானம் உதிர்ந்துவிடும், அதனால் சீக்கிரம் எழுப்ப வேண்டும். ரெஜைனா ஏர்போர்ட்டுக்கு அப்பா வந்துவிடுவார், ஒரு மணி நேரம்கூட ஆகாது. கொசு மருந்து இங்கேயே இருக்கிறது. ஸ்கார்பரோ கடையில் சுண்டவத்தலும் கறிவேப்பிலையும் வாங்கி வா, கறிவேப்பிலையைப் பெட்டிக்குள் அமுக்கிக் கறுக்க வைக்காதே. டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு போன் செய், காலை ஒன்பதுக்கு மேல் வேண்டாம், அதற்குள் நான் தூங்கிவிடுவேன்.

அன்புடன்,
அம்மா